‘யூத காந்தி’ ஏ.பி.சேலம்: கொச்சி ஜெப ஆலயத்தில் ஒரு பெஞ்சுக்காக நடந்த சத்தியாகிரகம்

திண்டுக்கல்லில் இருந்து மதுரை ரோட்டில் போனால், சின்னாளபட்டி பக்கத்தில், சிறுமலை அடிவாரத்தில் இருக்கிறது காந்திகிராமம். டாக்டர் டி.எஸ்.சௌந்தரமும் அவரது கணவர் ஜி.ராமச்சந்திரனும் 1947-ல் தொடங்கிய இடம். இன்றைக்கு அங்கே ஒரு பல்கலைக்கழகமே இயங்குகிறது.

இவர்கள் இருவரின் கல்யாணமே அந்தக் காலத்தில் ஒரு போராட்டம்தான். சௌந்தரம், டி.வி.எஸ். நிறுவனர் சுந்தரம் ஐயங்காரின் மகள். இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். ராமச்சந்திரன் கேரளத்துக்காரர், வேறு சாதி. இருவரையும் ஓராண்டு சந்திக்காமல் இருந்து பார்க்கச் சொன்னார் காந்தி. அதற்குப் பிறகும் இருவர் மனமும் மாறவில்லை. 1940-ல் காந்தியின் ஆசியோடு கல்யாணம் நடந்தது.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இந்து விதவைகள் மறுமணம் செய்துகொள்ளலாம் என்று 1856-லேயே சட்டம் வந்துவிட்டது. 84 ஆண்டுகள் கழித்தும் தடையாக நின்றது சட்டம் இல்லை, வழக்கம்.

சட்டம் சரி என்று சொன்ன பிறகும் வழக்கம் விடமாட்டேன் என்று அடம்பிடிக்கும் கதை, இந்துக்களுக்கு மட்டும் சொந்தமானது அல்ல. அதே காலத்தில், பக்கத்து கொச்சியில், காந்தியின் அதே வழியைக் கையில் எடுத்து ஒருவர் போராடினார். அவர் எதிர்த்தது வெள்ளைக்கார அரசை மட்டுமல்ல, தன் சொந்த மதத்துக்காரர்களையும்தான். அவர் ஒரு யூதர். பெயர் ஏ.பி.சேலம். ‘யூத காந்தி’ என்று அழைக்கப்பட்டவர்.

யார் இந்த சேலம்?

பெயரைப் பார்த்து சேலம் மாவட்டத்துக்காரர் என்று நினைக்க வேண்டாம். முழுப்பெயர் ஆபிரகாம் பராக் சேலம். தமிழ் பைபிளில் ‘சாலேம்’ என்று வருமே, அந்தப் பெயர். சமாதானம் என்று பொருள்படும் ‘ஷாலோம்’ என்ற எபிரேயச் சொல்லுக்கு உறவானது.

1882-ல் கொச்சியில் பிறந்தார். வளர்ந்தது மட்டாஞ்சேரியின் ‘ஜூ டவுன்’ பகுதியில், அம்மாவின் கவனிப்பில். வக்கீல், சட்டசபை உறுப்பினர், தொழிற்சங்கத் தலைவர், காங்கிரஸ்காரர் என்று பல முகங்கள் அவருக்கு உண்டு.

ஆனால் வாரா வாரம் ஜெப ஆலயத்துக்குப் போகும்போது இந்த முகங்கள் எதுவும் செல்லுபடி ஆகவில்லை. அங்கே அவர் பெஞ்சில் உட்காரக் கூடாது. காரணம், அவர் பிறந்த குடும்பம்.

கொச்சிக்கு யூதர்கள் எப்போது வந்தார்கள்?

சங்க இலக்கியத்தில் வரும் முசிறி துறைமுகம் நமக்குத் தெரியும். அந்த வட்டாரம்தான் கொடுங்கல்லூர். கேரள யூதர்களின் பழங்கதைகள் எல்லாம் அங்கே இருந்துதான் தொடங்குகின்றன.

கைக்குக் கிடைத்துள்ள உறுதியான ஆதாரம் ஒரு செப்பேடு. சுமார் கி.பி. 1000-ல், சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்குக் கொடுத்தது. எழுத்து வட்டெழுத்து. மொழியும் தமிழுக்கு மிக நெருக்கமானது. அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவோடு சேர்த்து 72 உரிமைகள் அவருக்கு வழங்கப்பட்டன. அந்தச் செப்பேட்டை கொச்சி யூதர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாதுகாத்து வந்தார்கள்.

அடுத்த அலை 16-ஆம் நூற்றாண்டில் வந்தது. 1492-ல் ஸ்பெயின் தன் நாட்டு யூதர்களை வெளியேற்றியது. அப்படி ஊரை விட்டவர்களில் சிலரும், மேற்கு ஆசியாவில் இருந்து வந்த சிலரும் கொச்சியில் தஞ்சம் அடைந்தனர். இவர்கள்தான் ‘பரதேசி யூதர்கள்’. தமிழில் இன்று திட்டாக மாறிவிட்ட சொல். ஆனால் அங்கே அதன் பொருள் ‘வேற்று தேசத்தில் இருந்து வந்தவர்’ என்பது மட்டுமே.

மட்டாஞ்சேரி அரண்மனையை ஒட்டி 1568-ல் இவர்கள் கட்டியதுதான் பரதேசி ஜெப ஆலயம். தரையில் கையால் வரைந்த நீல நிறச் சீனத்து ஓடுகள், மேலே கண்ணாடி விளக்குகள், வெளியே மணிக்கூண்டு. இன்றும் சுற்றுலாப் பயணிகள் குவியும் இடம். நம்ம ஊர் கோயில் மாதிரியே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

ஒரே மதம், மூன்று அடுக்கு

செருப்பு வழக்கம் மட்டும் உள்ளே வரவில்லை. சாதியைப் போன்ற ஒன்றும் கூடவே வந்துவிட்டது.

மேல் அடுக்கில் பரதேசி யூதர்கள். ஆங்கிலேயர் காலத்தில் இவர்களை ‘வெள்ளை யூதர்கள்’ என்றார்கள். அடுத்து, அவர்களுக்கு முன்பிருந்தே அங்கே வாழ்ந்த மலபாரி யூதர்கள். அவர்களுக்குப் போடப்பட்ட பெயர் ‘கறுப்பு யூதர்கள்’. அவர்களுக்குத் தனி ஜெப ஆலயங்கள் இருந்தன. இரு தரப்புக்கும் இடையே கல்யாண உறவு கிடையாது.

மூன்றாவது பிரிவுதான் ‘மெஷுஹ்ராரிம்’. எபிரேயத்தில் ‘விடுவிக்கப்பட்டவர்கள்’ என்று பொருள். ஒரு காலத்தில் பரதேசி வீடுகளில் அடிமைகளாக இருந்து, யூத மதத்தில் சேர்க்கப்பட்டு, பிறகு விடுதலை பெற்றவர்களின் வழிவந்தவர்கள் என்று இவர்கள் கருதப்பட்டனர். சேலம் பிறந்தது இந்தப் பிரிவில்.

இவர்கள் போனதும் அதே பரதேசி ஜெப ஆலயத்துக்குத்தான். ஆனால் உட்கார வேண்டியது தரையில் அல்லது படிக்கட்டில். தோரா வாசிப்புக்கு இவர்களை அழைக்க மாட்டார்கள். பரதேசி குடும்பங்களோடு கல்யாணம் கிடையாது. செத்தால் ஒரே இடுகாடும் கிடையாது.

தோரா என்பது யூதர்களின் வேதம், மோசேயின் ஐந்து நூல்கள். தோல் சுருளில் கையால் எழுதப்பட்டிருக்கும். ஓய்வுநாளான சனிக்கிழமை காலையில் அதை வாசிக்கும்போது, ஏழு பேரை ஒருவர் பின் ஒருவராக மேடைக்கு அழைப்பார்கள். ஒரு யூதருக்கு சபையில் கிடைக்கும் பெரிய மரியாதை அது. அந்த அழைப்பு வரவே வராது என்றால், நீ எங்களில் ஒருவன் இல்லை என்று ஒவ்வொரு வாரமும் சொல்வது போலத்தான்.

சரி, யூத சட்டம் என்னதான் சொல்லுது?

சேலத்தின் கதையில் முக்கியமான இடம் இதுதான்.

யூத மதத்தில் சட்டத்துக்கு ‘ஹலாகா’ என்று பெயர். என்ன சாப்பிடலாம், ஓய்வுநாளில் என்ன வேலை செய்யக் கூடாது, யாரைக் கல்யாணம் செய்யலாம் என்று அன்றாட வாழ்க்கை முழுக்க அதில் அடங்கும். சந்தேகம் வந்தால், தூரத்தில் இருக்கும் பெரிய ரப்பிக்குக் கடிதம் எழுதிக் கேட்பார்கள். அவர் எழுதும் பதில் தீர்ப்பு மாதிரி.

கொச்சியில் இருந்தும் இப்படி ஒரு கேள்வி போனது. சுமார் 1520 என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். அடிமை வழி வந்தவர்கள் என்று சொல்லப்படும் யூதர்களோடு கல்யாணம் செய்யலாமா, கூடாதா? கேட்கப்பட்டவர் கெய்ரோவில் இருந்த ரப்பி டேவிட் இப்னு அபி சிம்ரா. அந்தக் காலத்தின் மிகப்பெரிய சட்ட அறிஞர்களில் ஒருவர்.

அவர் பதிலின் சாரம் இது: விதிப்படி சடங்கு நீராடலைச் செய்துவிட்டால் அவர்கள் முழு யூதர்கள், கல்யாணத்துக்கும் தடை இல்லை. அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் அலெக்சாந்திரியாவின் ரப்பி யாக்கோபு காஸ்ட்ரோவும் இதையேதான் சொன்னார். அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர் முழு யூதரே என்பது பொதுவாகவே யூத சட்டத்தின் நிலை.

அதாவது, பரதேசி ஜெப ஆலயத்துக்கு அஸ்திவாரம் போடுவதற்கு முன்பே தீர்ப்பு வந்துவிட்டது!

அப்புறமும் ஏன் மாறவில்லை?

யூத மரபில் சட்டத்துக்குப் பக்கத்திலேயே இன்னொன்றும் உண்டு. அது ‘மின்ஹாக்’, அதாவது உள்ளூர் வழக்கம். எந்த ராகத்தில் ஜெபம் பாடுவது, பண்டிகைக்கு என்ன சமைப்பது என்பதெல்லாம் ஊருக்கு ஊர் மாறும். முன்னோர் வழக்கத்தை எளிதில் மாற்றக் கூடாது என்பதும் மரபுதான்.

பரதேசி பெரியவர்கள் பிடித்துக்கொண்டது இதைத்தான். நாங்கள் சுத்தமான வம்சாவளி, எங்கள் முன்னோர் இப்படித்தான் நடந்துகொண்டார்கள் என்ற வாதம். சுற்றிலும் இருந்த கேரள சமூகமும் தீட்டு, தீண்டாமை என்று அடுக்கு அடுக்காகப் பிரிந்து கிடந்தது. அந்தச் சூழலில், தங்களை மேல்சாதி போலக் காட்டிக்கொள்வது அவர்களுக்கு லாபமாகவும் இருந்தது.

நமக்கும் இது புதுசு இல்லை. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளம் தேவாலயத்தில், ஒரே பலிபீடத்தின் முன்னால் சாதியைப் பிரித்து சுவர் நின்ற வரலாறு உண்டு. வேதத்தில் இல்லாத சுவரை வழக்கம் எழுப்பியது.

19-ஆம் நூற்றாண்டில் மெஷுஹ்ராரிம் சிலர் பொறுக்க முடியாமல் பிரிந்து போய், தனியாக ஜெபம் நடத்திப் பார்த்தார்கள். அது நீடிக்கவில்லை. திரும்பவும் அதே தரைக்குத்தான் வர வேண்டி இருந்தது.

மெட்ராஸில் படித்த வக்கீல்

சேலம் எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் படித்தார். பிறகு பட்டப்படிப்பை முடிக்க மெட்ராஸ் வந்தார். இங்கேயே சட்டப் படிப்பையும் முடித்தார். அவர் பிரிவில் பல்கலைக்கழகப் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவர்தான்.

ஊர் திரும்பி எர்ணாகுளத்தில் வக்கீல் தொழில். 1925 முதல் 1931 வரையிலும், பிறகு 1939 முதல் 1945 வரையிலும் கொச்சி சமஸ்தான சட்டசபை உறுப்பினர். தொழிலாளர் சங்கங்களுக்காகப் பேசினார். 1929 டிசம்பரில் லாகூரில் நடந்த காங்கிரஸ் மாநாட்டில் கலந்துகொண்டார். முழு சுதந்திரமே இலக்கு என்று தீர்மானம் போட்டார்களே, அதே மாநாடு.

அதே 1929-ல் அவர் ஒரு சிறு நூலையும் வெளியிட்டார். பரதேசி ஜெப ஆலயத்தின் வரலாறுதான் அதன் பொருள். எந்தக் கட்டடத்தில் தனக்கு ஒரு இருக்கை இல்லையோ, அந்தக் கட்டடத்தின் பெருமையை ஊருக்கு எழுதிச் சொன்னவர் அவர். கோபத்தில் அவர் மதத்தை விட்டுப் போகவில்லை, வேறு சபை தேடியும் போகவில்லை. இது என் வீடும்தான் என்பதே அவர் நிலைப்பாடு.

ஜெப ஆலயத்துக்குள் சத்தியாகிரகம்

அப்போது கேரளம் முழுக்க ஒரே கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது: கோயிலுக்குள், கோயில் தெருவுக்குள் யார் வரலாம்? கொச்சிக்குத் தெற்கே வைக்கத்தில் 1924-ல் சத்தியாகிரகம் தொடங்கியது. ஈரோட்டில் இருந்து போன பெரியார் அங்கே சிறைப்பட்டார். 1925-ல் காந்தியே நேரில் வந்தார்.

சேலம் அந்த ஆயுதத்தைத்தான் ஜூ டவுனுக்குள் கொண்டுவந்தார். சில காலம் ஜெப ஆலயத்தைப் புறக்கணித்தார். பிறகு தன் பிள்ளைகளோடு உள்ளே போய், உட்காரக் கூடாது என்ற இடத்தில் உட்கார்ந்தார். கத்தவில்லை, அடிக்கவில்லை. சட்டம் தன் பக்கம் இருக்கிறது என்ற தெம்பு அவருக்கு இருந்தது. எதிரே இருந்தவர்களுக்கும் அது தெரியும்.

ஒரே நாளில் எதுவும் மாறவில்லை. படிப்படியாகத்தான் மாறியது. முதலில் பெஞ்சில் இடம் கிடைத்தது. பல ஆண்டுகள் கழித்து தோரா வாசிப்புக்கும் வழி பிறந்தது. 1930-களின் பிற்பகுதியில் டேவிட் மேண்டல்பாம் என்ற அமெரிக்க மானுடவியலாளர் கொச்சிக்கு வந்தார். நம்ம நீலகிரி கோத்தர் மக்களைப் பற்றியும் ஆய்வு செய்தவர் இவர். பழைய கட்டுப்பாடுகள் பல தளர்ந்துவிட்டதை அப்போதே அவர் பதிவு செய்தார்.

பக்கத்து திருவிதாங்கூர் 1936-ல் கோயில்களை எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிட்டது. மதுரை மீனாட்சி அம்மன் கோயிலில் வைத்தியநாத ஐயர் தலைமையில் ஆலயப் பிரவேசம் நடந்தது 1939-ல். ஜூ டவுனின் பெஞ்சும் இதே காலத்தின் கதைதான்.

இந்த இடத்தில் ஒரு கேள்வி வரலாம். 1938-ல் ஹிட்லரிடம் சிக்கிய ஜெர்மனி யூதர்களும் சத்தியாகிரகம் செய்ய வேண்டும் என்று காந்தி எழுதினார். யூத சிந்தனையாளர் மார்ட்டின் பூபர் அதைக் கடுமையாக மறுத்தார். கொல்லவே துணிந்த அரசிடம் அது எடுபடாது என்பது அவர் வாதம். அப்படியானால் கொச்சியில் மட்டும் எப்படி எடுபட்டது? இங்கே இரண்டு தரப்பும் கையில் வைத்திருந்தது ஒரே வேதம். தினமும் ஒரே தெருவில் முகம் பார்க்க வேண்டியவர்கள். தன் வேதத்துக்கே தான் மாறாக நடக்கிறோம் என்ற உறுத்தலை எதிராளியின் மனதில் உண்டாக்க முடிந்தது.

கடைசித் தடை: கல்யாணம்

பெஞ்சில் பக்கத்தில் உட்கார விட்டவர்கள், பெண் கொடுக்கத் தயாராக இல்லை. நம்ம ஊரிலும் இதுதானே நிலவரம்? டீக்கடையில் ஒரே கிளாஸ் வந்த பிறகும், கல்யாணப் பேச்சு வந்தால் சாதி முன்னால் வந்து நிற்கும்.

சேலத்தின் மகன் ஒருவரின் பெயர் பால்ஃபர். யூதர்களுக்குப் பாலஸ்தீனத்தில் தாயகம் அமைக்க 1917-ல் ஆதரவு தெரிவித்த பிரிட்டன் அமைச்சரின் பெயர் அது. இந்த பால்ஃபர், பரதேசி குடும்பத்துப் பெண்ணைக் காதலித்தார். கொச்சியில் கல்யாணம் நடத்த முடியவில்லை. 1950-ல் இருவரும் பம்பாய் போய்க் கல்யாணம் செய்துகொண்டார்கள்.

கெய்ரோவில் இருந்து அனுமதி வந்து ஏறத்தாழ 430 ஆண்டுகள் ஆகியிருந்தன. அதே ஆண்டு ஜனவரியில்தான், தீண்டாமையை ஒழித்த இந்திய அரசியல் சாசனம் அமலுக்கு வந்திருந்தது. இரண்டு சட்டங்களும் சம்மதம் சொல்லியும், மணமக்கள் சொந்த ஊர் ஜெப ஆலயத்தில் மணமேடை ஏற முடியவில்லை.

ஆனால் அணை உடைந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்தத் தடையைப் பழையபடி தாங்கிப் பிடிக்க ஆள் இல்லை.

எல்லோரையும் அனுப்பிவைத்து, தான் மட்டும் தங்கியவர்

1933-ல் சேலம் பாலஸ்தீனம் போய் வந்தார். யூதர்களுக்கு ஒரு தாயகம் வேண்டும் என்பதில் தீவிரமானார். 1948-ல் இஸ்ரேல் உருவானதும் கொச்சி யூதர்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பத் தயாரானார்கள்.

அங்கே புதுத் தடை ஒன்று வந்தது. மலபார் பகுதியில் யானைக்கால் நோய் அதிகம் என்பதால், இவர்களைச் சேர்த்துக்கொள்ள இஸ்ரேல் சுகாதார அதிகாரிகள் தயங்கினர். வீடு, நிலத்தை விற்றுவிட்டுக் காத்திருந்தவர்கள் தவித்தார்கள். 1953-ல் சேலம் இஸ்ரேலுக்கே போய் இவர்களுக்காகப் பேசினார். இந்த முறை அவர் வாதாடியது மலபாரி யூதர்களுக்காக. 1950-களின் நடுவிலேயே அவர்களில் பெரும்பாலானோர் குடிபெயர்ந்துவிட்டனர்.

அங்கே போனால் மட்டும் பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. 1960-களின் தொடக்கத்தில், மகாராஷ்டிரத்தில் இருந்து போன பெனே இஸ்ரேல் யூதர்களைக் கல்யாணத்துக்கு முன் வம்சாவளி விசாரிக்க வேண்டும் என்று அங்குள்ள தலைமை ரப்பிகள் சபை சொன்னது. அவர்கள் தெருவில் உட்கார்ந்து போராடினார்கள். எல்லா வகையிலும் இவர்கள் யூதர்களே என்று 1964-ல் அரசு அறிவித்த பிறகுதான் விஷயம் அடங்கியது. மட்டாஞ்சேரியில் கேட்ட அதே கேள்வி, அதே மாதிரியான பதில்.

சேலம் இஸ்ரேலில் குடியேறவில்லை. ஜூ டவுனிலேயே வாழ்ந்து, 1967-ல் கொச்சியிலேயே காலமானார்.

பத்துப் பேர் கணக்கு

யூத மரபில் இன்னொரு விதி உண்டு. பொது ஜெபம் நடத்த, 13 வயது நிரம்பிய ஆண்கள் குறைந்தது பத்துப் பேர் வேண்டும். ஒன்பது பேர் இருந்தாலும் சபை ஆகாது.

யார் பக்கத்தில் உட்காருவது என்று தலைமுறைக் கணக்கில் சண்டை நடந்த பரதேசி ஜெப ஆலயத்தில், இன்றைக்கு இந்தப் பத்து எண்ணிக்கை தேறுவதில்லை. பெரும்பாலான குடும்பங்கள் இஸ்ரேலுக்கும் வேறு நாடுகளுக்கும் போய்விட்டன. வெளியூரில் இருந்து யூதப் பயணிகள் வந்தால்தான் முறைப்படி ஜெபம்.

கட்டடம் பளபளப்பாக இருக்கிறது. பெஞ்சுகளும் இருக்கின்றன. உட்காரத்தான் ஆள் இல்லை.

காந்திகிராமத்துத் தம்பதிக்கு 1940-ல் நடந்ததும், பால்ஃபர் தம்பதிக்கு 1950-ல் நடந்ததும் மதத்தால் வேறு வேறு கல்யாணங்கள். இரண்டிலும் தடுத்தது சட்டம் அல்ல. தீர்ப்பு எப்போதோ வந்துவிட்டது. அதை எடுத்துக்கொண்டு உள்ளே போய் உட்கார ஒருவர் தேவைப்பட்டார். கொச்சியில் அந்த ஒருவர், சேலம்.

ஒரு பார்வையில் ஏ.பி.சேலம்

• 1882: கொச்சியில் பிறப்பு
• 1925–1931: கொச்சி சமஸ்தான சட்டசபை உறுப்பினர்
• 1929: பரதேசி ஜெப ஆலயம் பற்றிய நூல் வெளியீடு, லாகூர் காங்கிரஸ் மாநாட்டில் பங்கேற்பு
• 1933: பாலஸ்தீனப் பயணம்
• 1939–1945: மீண்டும் சட்டசபையில்
• 1950: மகன் பால்ஃபரின் கல்யாணம், பம்பாயில்
• 1953: மலபாரி யூதர்களுக்காக இஸ்ரேலில் பேச்சுவார்த்தை
• 1967: கொச்சியில் மறைவு